சிற்றூர்ப் பத்திரிகாசிரியரும் வீர விருதும்

வீரம் என்றவுடன் நம் மனம் போர்க்களத்தையே நாடும். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் வில்லாற்றலைச் சங்கச் செய்யுட்கள் புகழ்கின்றன. நிரை மீட்கச் சென்று பட்ட வீரர்க்கு ஊரார் கல் நட்டு வழிபட்டனர். அந்நடுகல்லே பண்டைத் தமிழர் வழங்கிய வீர விருது எனலாம். இந்நாளில் எழுதுகோல் பிடித்தோர்க்கும் அத்தகைய விருதுகள் உள. அவருள்ளும் சிற்றூர்ப் பத்திரிகாசிரியரைத் தனித்துப் போற்றுவது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பெருநகர்ப் பத்திரிகாசிரியர் ஓர் அமைச்சரைக் கண்டித்து எழுதினால், மறுநாள் அவரைக் கடைவீதியில் சந்திக்க நேர்வதில்லை. சிற்றூரிலோ கண்டிக்கப்பட்டவர் அடுத்த தெருவினர். விளம்பரம் தருபவர் அவர்தம் மைத்துனர். அச்சுக்கூடத்துக்கு வாடகை வாங்குபவர் அவர்தம் நண்பர். ஆங்குப் பகை வீட்டு வாயிலிலேயே நிற்கும்.

கொல்லிமலைக்கு அணித்தாகிய இராசிபுரத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு இதற்கு நல்ல சான்றாவார். மருத்துவராகிய இவர் சேலத்தில் 'தமிழ்நாடு' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் அரசாங்கத்தைக் கண்டித்து எழுதியமைக்காகச் சிறை புகுந்தார். ஆயினும் அந்நியராட்சியை எதிர்ப்பதினும் அரியது தம்மவரை எதிர்ப்பது. சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பற்றிச் சில மாணவர்க்குத் தனியே உணவிட்டதை 1924-25இல் இவர் கண்டித்தபோது, தம் காங்கிரஸ் நண்பர் பலரது மனவருத்தத்திற்கு ஆளானார். எனினும் எழுதுவதை நிறுத்தினாரல்லர். 1932இல் சென்னையில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையைத் தோற்றுவித்தவரும் இவரே. அதனைப் பின்னர் ஏற்று நடத்திய ராம்நாத் கோயங்காவின் பெயரால் 2006 முதல் விருதுகள் வழங்கப்பெறுகின்றன. தோற்றுவித்தவர் பெயரையோ பலர் அறியார்.

கடல் கடந்த மற்றொரு மலைநாட்டையும் நோக்குவோம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து ஒயிட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், டாம் கிஷ், பாட் கிஷ் என்னும் தம்பதியர் 'மவுண்டன் ஈகிள்' என்னும் வாரப் பத்திரிகையை நடத்தினர். நிலக்கரிக்காக மலைகளை அகழ்ந்து பாழாக்குவோரையும், ஊர் அதிகாரிகளின் குறைகளையும் அஞ்சாது எழுதினர். விளம்பரங்கள் குறைந்தன. 1974 ஆகஸ்டில் அவர்தம் அலுவலகம் தீக்கிரையாக்கப்பட்டது. அச்சதியில் தண்டிக்கப்பட்டவருள் ஊர்க் காவலர் ஒருவரும் இருந்தார். எனினும் பத்திரிகை நின்றிலது. 'அது அலறும்' என்றிருந்த அதன் முகப்பு வாசகம் 'அது இன்னும் அலறும்' என மாறியது. இன்று கிராமப் பத்திரிகையாளரின் துணிவையும் நேர்மையையும் விடாமுயற்சியையும் போற்றும் விருதொன்று அவ்விருவர் பெயரால் வழங்கப்படுகின்றது.

விருதினால் ஆம் பயன் யாது? தனித்து நிற்பவரை உலகம் காண்கிறது என்று அவர்தம் பகைவர்க்கு உணர்த்துவதே. அது சிறிது காவலாகும். ஆனால் விருது பெரும்பாலும் இன்னலெல்லாம் கடந்த பின்னரே வருவது. விளம்பரம் நின்ற வாரத்தில் பத்திரிகையைத் தாங்குவது வாசகர் செலுத்தும் சந்தாவே. தமக்கு உடன்பாடில்லாத கருத்தைக் கண்டும் சந்தாவை நிறுத்தாத வாசகரும் அவ்வீரத்தில் பங்குடையார்.

மாணவ நண்பர்காள்! நும் ஊரிலும் ஒரு சிறு பத்திரிகை இருக்கக்கூடும். நடுகல் நடும் நாள் வரைக் காத்திராது, அதனை இன்றே விலை கொடுத்து வாங்கிப் படிமின்.