டீக்காசில் ஒரு பாலிசி

எனக்கு 38 வயது. சம்பளம் வாடகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்குமே சரியாகிவிடுகிறது. ஆயுள் காப்பீடெல்லாம் கட்டுப்படியாகுமா?
- வாசகர், கிழக்குத் தாம்பரம்

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டீயும் வடையும் கட்டுப்படியாகிறதல்லவா? (நிறுத்தச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.) பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய். நாளுக்கு 1 ரூபாய் 20 காசு. வடையின் ஓரம்கூடக் கிடைக்காது. நீங்கள் இல்லாமல் போனால் வீட்டுக்கு 2 லட்சம் வரும். 50 வயதுக்குள் சேர வேண்டும். முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம்.

பிள்ளைகள் படிப்புக்கு 2 லட்சம் போதாதுதான். அடுத்த இன்க்ரிமென்ட்டில் டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டியும் இல்லை. 'கட்டிய பணம் திரும்பி வரும்' என்று யாராவது ஆசை காட்டினால், பிரீமியம் அதிகம் என்று அர்த்தம்.

சனிக்கிழமை உங்கள் பேங்குக்குப் போய் ஜீவன் ஜோதி ஃபாரம் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, நான்காவது சனி லீவு!