விண்மீன் திரளுக்கும் வயசாகும்!



நம் சூரியனின் ஆயுள் சுமார் 1000 கோடி ஆண்டுகள் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். சரி, ஒரு கேள்வி. சூரியனுக்கே ஆயுள் உண்டுன்னா, கோடானுகோடி சூரியன்கள் சேர்ந்த ஒரு விண்மீன் திரளுக்கு? அதற்கும் வயசாகுமா? வயசானால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை சொன்ன ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன். அவர் பெயர் பியாட்ரிஸ் டின்ஸ்லி.

ஆய்வகத்தில் வைக்க முடியாத பொருள்

உப்பையும் அமிலத்தையும் சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்கலாம். விண்மீன் திரளை என்ன செய்வது? நம் பால்வெளியில் மட்டும் 10,000 கோடிக்கு மேல் விண்மீன்கள் இருக்கின்றன. அது மாறுவதை உட்கார்ந்து பார்க்கவும் முடியாது. நூறு தலைமுறை பார்த்தாலும் அப்படியேதான் தெரியும். அதனால் விஞ்ஞானிகள் ஒரு வழி செய்தார்கள். இயற்பியல் விதிகளைக் கொடுத்து, கணக்கிலேயே ஒரு திரளை உண்டாக்கி, அதை ஓடவிட்டுப் பார்ப்பது. இதற்குத்தான் சிமுலேஷன் என்று பெயர்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு! 1941-ல் சுவீடனின் லுண்ட் நகரில் எரிக் ஹோல்ம்பெர்க் என்பவர் ஒரு திரளுக்கு 37 வீதம் மொத்தம் 74 மின்விளக்குகளை வைத்து, இரண்டு திரள்கள் அருகருகே கடந்து போவதைச் செய்து பார்த்தார். ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒளியும் அப்படியேதான் குறையும். ஆகவே ஈர்ப்புக்குப் பதிலாக ஒளியை அளந்து, அதன்படி விளக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். என்ன மூளை பாருங்க!

அதே 1941-ல், ஜனவரி 27 அன்று, இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தவர்தான் டின்ஸ்லி. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் குடும்பம் நியூசிலாந்துக்குப் போய்விட்டது. பள்ளிப்படிப்பு நியூ பிளிமத் ஊரில், கல்லூரி கிறைஸ்ட்சர்ச்சில். வயலினும் நன்றாக வாசிப்பார். இயற்பியலில் முதுகலை முடித்து, திருமணமாகி, கணவரின் வேலைக்காக 1963-ல் அமெரிக்காவின் டல்லாஸுக்குப் போனார்.

டல்லாஸில் கணவருக்கு ஆராய்ச்சி வேலை இருந்தது. இவருக்கு இல்லை. சும்மா உட்காரவில்லை. 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, போய்வந்து படித்து 1967-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஆய்வில்தான் நம் கேள்வி வருகிறது.

டின்ஸ்லியின் கணக்கு: நாமும் போடலாம்

அவருடைய யோசனை இதுதான். ஒவ்வொரு விண்மீனும் எப்படிப் பிறந்து, வளர்ந்து, அணையும் என்பது ஓரளவு தெரியும். பெரிய விண்மீன் பளிச்சென்று நீலமாக எரிந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். சூரியனைப் போல 10 மடங்கு நிறையுள்ளது சில கோடி ஆண்டுகள்தான் இருக்கும். சின்ன விண்மீன் மங்கலாகச் சிவந்து, மெதுவாக எரிந்து, ரொம்ப நாள் இருக்கும். அப்படின்னா, எத்தனை பெரிசு, எத்தனை சிறிசு பிறந்தன என்று எடுத்துக்கொண்டு, காலத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்தி எல்லாவற்றையும் கூட்டினால், மொத்தத் திரளும் எப்படி மாறும் என்று தெரிந்துவிடும் இல்லையா?

நான் இதை ரஃப் நோட்டில் சின்னதாகப் போட்டுப் பார்த்தேன். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, புரிவதற்காக மட்டும்.

பெரிய விண்மீன் 1. அதன் ஒளி 1000. ஆயுள் 1 கட்டம்.
நடுத்தர விண்மீன் 10. ஒவ்வொன்றின் ஒளி 10. ஆயுள் 5 கட்டம்.
சிறிய விண்மீன் 100. ஒவ்வொன்றின் ஒளி 0.1. ஆயுள் 20 கட்டத்துக்கு மேல்.

முதல் கட்டத்தில் மொத்த ஒளி 1000 + 100 + 10 = 1110.
இரண்டாம் கட்டத்தில் பெரிசு போய்விட்டது. ஒளி 110.
ஆறாம் கட்டத்தில் நடுத்தரமும் போய்விட்டன. ஒளி 10.

கவனிச்சீங்களா? விண்மீன்களின் எண்ணிக்கை 111-லிருந்து 100 ஆகத்தான் குறைந்தது. ஆனால் ஒளி 111 மடங்கு குறைந்துவிட்டது! நிறமும் நீலத்திலிருந்து சிவப்புக்கு வந்துவிட்டது.

இப்போது இதையே மாற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக ஒரு செட் விண்மீன்கள் பிறப்பதாக வைத்தால்? 1110, 1220, 1330 என்று ஏறும். திரள் நீலமாகவே இருக்கும். வாயு மிச்சமிருக்கும் சுருள் திரள்கள் நீலமாகவும், புதுப் பிறப்பு ஏறக்குறைய நின்றுபோன நீள்வட்டத் திரள்கள் சிவந்தும் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

டின்ஸ்லி போட்டது இதைவிடப் பல மடங்கு பெரிய கணக்கு. பல நிறையுள்ள விண்மீன்கள், அவை சாகும்போது திருப்பிக் கொடுக்கும் வாயு, அதில் புதிதாகச் சேரும் கனமான தனிமங்கள், அந்த வாயுவிலிருந்து அடுத்த தலைமுறை என்று எல்லாவற்றையும் 1960-களின் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார்.

இதனால் என்ன பெரிய விஷயம்?

அன்றைக்குப் பிரபஞ்சத்தை அளப்பதில் பெரிய பெயர் ஆலன் சாண்டேஜ். மிகப் பெரிய நீள்வட்டத் திரள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு ஒளி தரும் என்று எடுத்துக்கொண்டு, மங்கலாகத் தெரிந்தால் தூரம், பளிச்சென்று தெரிந்தால் பக்கம் என்று அவர் கணக்கிட்டு வந்தார். அதை வைத்துப் பிரபஞ்சம் விரியும் வேகம் எவ்வளவு குறைந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது நோக்கம்.

டின்ஸ்லி கேட்டது ஒரே கேள்வி: ரொம்பத் தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது, அதன் பழைய காலத்தை அல்லவா பார்க்கிறோம்? ஒளி வந்துசேரவே கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் திரள் அப்போது இளசு. இளசாக இருந்தபோது ஒளி அதிகம். அதை மறந்தால் அளவுகோலே தப்பு!

என் நோட்டுக் கணக்கையே எடுங்கள். இரண்டாம் கட்டத்துத் திரளின் ஒளி 110. அதை 10 என்று நினைத்துவிட்டால் 11 மடங்கு பிசகு. எதிர் வர்க்க விதிப்படி, அந்தத் திரள் உண்மையில் இருப்பதைவிடச் சுமார் 3.3 மடங்கு பக்கத்தில் இருப்பதாக முடிவு வரும். (11-ன் வர்க்கமூலம் போட்டுப் பாருங்க.) நிஜத் திரள்களில் மாற்றம் இவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் கண்டுபிடிக்க நினைத்த அளவையே புரட்டிப்போடப் போதுமானது என்று அவர் காட்டினார். சாண்டேஜ் இதை எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. விவாதம் பல வருடம் நடந்தது. பெயர் பெரியதா சிறியதா என்று கணக்கு பார்ப்பதில்லை. விண்மீன் திரள்கள் காலத்தோடு மாறுகின்றன என்பது இன்று அடிப்படைப் பாடம்.

1975-ல் டின்ஸ்லியும் ஜேம்ஸ் கன்னும் சேர்ந்து, பிரபஞ்சம் வேகம் கூடி விரிந்துகொண்டிருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதை நிரூபிக்க அன்றைய அளவீடுகள் போதவில்லை. 1998-ல் சூப்பர்நோவாக்களை வைத்து இரண்டு குழுக்கள் அந்த வேகக் கூடுதலைக் கண்டறிந்தன.

அவர் கொடுத்த விலை

இவ்வளவு செய்தவருக்கு டல்லாஸில் தகுந்த நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1974-ல் அமெரிக்க வானியல் கழகத்தின் ஆனி ஜே. கேனன் விருது கிடைத்தது. அதே ஆண்டு மணவாழ்க்கை முறிந்தது. தத்தெடுத்து வளர்த்த இரண்டு குழந்தைகளையும் தந்தையிடம் விட்டுவிட்டு, வேலைக்காக ஊரைவிட்டுப் போனார். 1975-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1978-ல் அங்கே வானியல் பேராசிரியர் ஆனார். அந்தத் துறையில் அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

அதே 1978-ல் தோல் புற்றுநோய் வந்தது. நோயோடும் மாணவர்களுக்கு வழிகாட்டினார், எழுதினார். 1981 மார்ச் 23-ல் இறந்தார். வயது 40. ஆராய்ச்சி செய்த காலம் ஏறக்குறைய 14 வருடம்; அதற்குள் சுமார் 100 கட்டுரைகள்.

கணக்கு இன்னும் ஓடுகிறது

2005-ல் வெளியான 'மில்லேனியம்' சிமுலேஷனில் 1000 கோடிக்கும் அதிகமான துகள்களை வைத்துப் பிரபஞ்சத்தின் ஒரு பகுதியை வளர்த்துப் பார்த்தார்கள். 2014-ல் வந்த 'இல்லஸ்ட்ரிஸ்' சிமுலேஷனில் வாயுவும் விண்மீன்களும் சேர்ந்தே வளர்ந்தன. அதில் ஒவ்வொரு விண்மீன் துகளும் ஒரு தலைமுறை விண்மீன்களைக் குறிக்கும். அது மூப்படையும், வாயுவைத் திருப்பித் தரும். டின்ஸ்லி கையாண்ட அதே யோசனைதான்! 2022 முதல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அனுப்பும் இளம் திரள்களின் படங்களை ஆராயும்போதும், எத்தனை விண்மீன், என்ன வயசு என்று இந்த வழியில்தான் கணக்கிடுகிறார்கள்.

நியூசிலாந்தில் ஒரு மலைக்கு 2010-ல் டின்ஸ்லி மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. மேலே உள்ள கணக்கில், முதல் மூன்று கட்டங்களில் மட்டும் விண்மீன்கள் பிறந்து பிறகு நின்றுவிட்டால், நான்காம் கட்டத்தில் மொத்த ஒளி எவ்வளவு?
2. அந்தத் திரள் அப்போது நீலமாக இருக்குமா, இருக்காதா? ஏன்?
3. ஒரு திரளின் ஒளி 4 மடங்கு அதிகமாக இருப்பது தெரியாமல் அளந்தால், தூரம் எத்தனை மடங்கு குறைவாக வரும்?

விடைகளை எழுதி, பெயரும் வகுப்பும் போட்டு, சுவர் இதழுக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில். நோட்டு, பேனா போதும், கம்ப்யூட்டர் வேண்டாம்!

— பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு