கறுப்பு மண்ணில் ஓடும் ஆறு

கேள்வி: ஐயா, நான் வத்தளையில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பிறகு இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்தில் பகேரியாவில் இருக்கிறேன். இங்கே எலெயுத்தேரியோ என்ற ஆறு கோடையில் கல்லும் நாணலுமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடீரென்று கலங்கிப் பெருகி வரும். எங்கள் ஊர்த் தண்டுகம் ஓயா அப்படியில்லை. கறுத்த நீர், ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அங்கே முத்துராஜவெலச் சதுப்பை ஒட்டி ஒரு காணி விலைக்கு வந்திருக்கிறது. வெட்டிப் பார்த்தால் கறுப்பு மண்; வேரும் தண்டும் கலந்து, பிழிந்தால் தண்ணீர் வடிகிறதாம். கிரவல் போட்டு நிரப்பினால் வீடு கட்டலாம் என்கிறார் தரகர். அந்த மண் ஆற்றை என்ன செய்கிறது? நிரப்பிவிட்டால் வெள்ளம் எங்கே போகும்?

— வாசகி, பகேரியா

பதில்: காணி வாங்கும் முன் ஆற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் இப்படிக் கேட்டால் கொழும்பைச் சுற்றிலும் பாதி வெள்ளத் துயரம் இருக்காது.

நீங்கள் சொல்வது பீட் மண். கோரையும் நாணலும் புல்லும் செத்து நீருக்குள் விழுகின்றன. அங்கே காற்று இல்லாததால் முழுதாக மக்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. ஓர் ஆண்டில் சேர்வது சுமார் ஒரு மில்லிமீட்டர், பல இடங்களில் அதுவும் இல்லை. ஒரு மீட்டர் கனத்துக்கு ஆயிரம் ஆண்டுக்குக் குறையாது. முத்துராஜவெலச் சதுப்பு உருவாகத் தொடங்கி ஏறக்குறைய 7,000 ஆண்டுகள் ஆகின்றன. எடையில் பத்தில் ஒன்பது பங்கு வரை தண்ணீரே என்பதால் இதை மண் என்று சொல்வதே ஒரு வசதிக்காகத்தான்.

எலெயுத்தேரியோவின் கரையில் இது கிடையாது. பிக்குத்சா காட்டுப் பக்கத்து மலைகளிலிருந்து, களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் உள்ள சரிவுகள் வழியே அது இறங்கி வருகிறது. கோடை வறண்டது, சரிவு அதிகம். செத்த செடி நீரில் கிடந்து சேர அங்கே வழியில்லை. பெய்த மழை சில மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். 2018 நவம்பர் 3 இரவு உங்கள் பக்கத்து ஊர் கஸ்தெல்தாச்சாவில் மிலிச்சா ஆறு ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒன்பது பேரைக் கொண்டுபோனதை நீங்கள் அறிவீர்கள். அது பாயும் வெள்ளம். சதுப்பில் வருவது தேங்கும் வெள்ளம். ஒன்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்றதின் ஆபத்து தெரியாது.

இனி ஆற்றுக்கு வருவோம். மணலும் சரளையுமான கரை, தண்ணீர் வேகமெடுத்தால் கரைந்துவிடும். அதனால் ஆறு அகன்று, ஆழம் குறைந்து, இடம் மாறிக்கொண்டே இருக்கும். பீட் கரையை வேர்கள் பின்னிப் பிடித்திருக்கின்றன. தண்ணீர் அதை எளிதில் அரிக்க முடியாது. எனவே பீட்டில் ஓடும் ஆறு ஒடுங்கி ஆழமாகிறது, கரை செங்குத்தாக நிற்கிறது. அடிப்பக்கம் அரிபட்டால் மேலே வேர்ப்படலம் கூரைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் பாளமாக உடைந்து விழும். விழுந்த பாளமோ உடனே கரைவதில்லை. கரையின் காலடியிலேயே கிடந்து மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கிறது. ஆற்றின் வளைவுகள் ஏறக்குறைய அதே இடத்தில் நிலைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் வளைவு எப்படி வந்தது? நெதர்லாந்தில் திரெந்த்சே ஆ என்ற சிற்றாற்றை ஆராய்ந்தவர்கள் 2017இல் ஒரு விளக்கம் தந்தார்கள். பள்ளத்தாக்கு பீட்டால் நிரம்பி உயர உயர, ஆறும் சேர்ந்து மேலேறியது. ஏறும்போது நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்ந்து ஏறியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அந்தச் சாய்வே பெரிய வளைவுகளாகிவிட்டது. பாடநூல் சொல்லும் வளைவு பக்கவாட்டு அரிப்பால் வருவது. இது நிலம் வளர்ந்ததால் வந்தது. இன்னொரு வகை போலந்தின் நாரெவ் ஆறு; அதன் ஒரு பகுதி 1996 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஒரு தடத்தைச் செடிகள் அடைத்தால் தண்ணீர் சதுப்பின் மேல் வழிந்து வேறு தடம் போடுகிறது. கரைகள் உறுதியாக இருப்பதால் பழைய தடமும் அழிவதில்லை. ஓர் ஆறு பல கிளையாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடுகிறது.

வெள்ளச் சமவெளியும் இங்கே வேறு விதம். வண்டல் சுமக்கும் ஆறு வெள்ளத்தில் கரையோரம் மணலைப் போட்டு மேடாக்கும், தள்ளி மென்வண்டலை விரிக்கும். சமவெளியை ஆறே கட்டுகிறது. பீட் நிலத்தில் சமவெளியைக் கட்டுபவை செடிகள். ஆற்றில் வண்டல் குறைவு, கரைமேடு இல்லை. நீர்மட்டமும் தரைமட்டமும் ஏறக்குறைய ஒன்று. ஆறு ஒரு சாண் ஏறினாலே சதுப்பெங்கும் பரவி, கோரைக்குள் தட்டுத்தடுமாறி மெதுவாக வடியும்.

இதில் ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவுபடுத்த வேண்டும். பீட் வெள்ளத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று நல்ல மனத்தோடுதான் பலர் எழுதுகிறார்கள். மழைக்காலத்தில் அது ஏற்கெனவே நிரம்பி நிற்கிறது. உறிஞ்ச அதில் இடம் மிச்சமில்லை. வெள்ளத்தைத் தாங்குவது சதுப்பின் மேலுள்ள வெற்றிடமும், தண்ணீரை விரைய விடாத தட்டைத் தரையும்தான். முத்துராஜவெல ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கன மீட்டர் நீரைப் பிடித்து வைத்து, அதிகபட்சம் வினாடிக்கு 12.5 கன மீட்டர் வீதம் விடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், பத்து நாள் வரும். உங்கள் தண்டுகம் ஓயாவின் மேற்பகுதியான அத்தனகலு ஓயாப் பக்கம் கொட்டும் மழை அந்தப் பத்து நாளில் ஆறி அமர்ந்து வெளியேறுகிறது. ஒரு காணிக்கு ஒரு மீட்டர் கிரவல் போட்டால், அந்த இடத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் அடுத்த வீட்டுக்குத்தான் போகும்.

தமிழ்நாட்டிலும் இந்த மண் உண்டு. நீலகிரியின் மேட்டுப் பள்ளத்தாக்குகளில், சாண்டிநல்லா போன்ற இடங்களில் 40,000 ஆண்டுப் பழமை வாய்ந்த பீட் கிடைத்திருக்கிறது; அதை வைத்து சூழலியலாளர் ரா. சுகுமாரும் உடனாய்வாளர்களும் தென்னிந்தியாவின் பழைய பருவமழை வரலாற்றை எழுதினார்கள். தோடர்கள் கோயில் கூரைக்கு எடுக்கும் புல் இத்தகைய ஈரநிலங்களில்தான் வளர்கிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பெய்தபோது எந்தச் சதுப்பும் அதை உறிஞ்சியிருக்க முடியாது. ஆனால் சதுப்பின் நடுவே வடிகால் வெட்டி, தண்ணீரை ஒரே கோட்டில் ஓடவிட்டால், அது பீட்டை அறுத்துக்கொண்டு கீழிறங்கும். நீர்மட்டம் தாழும், இருபுறமும் காயும். பிறகு அந்த ஓடை பழைய ஓடையாவதில்லை.

காய்ந்த பீட்டுக்கு நேர்வதுதான் உங்கள் தரகர் சொல்லாத பகுதி. ஈரம் போனதும் அது சுருங்குகிறது. காற்றுப்பட்டு மக்கி, கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. இங்கிலாந்தின் ஹோம் சதுப்பில் 1851இல் ஓர் இரும்புக் கம்பத்தைத் தரைமட்டத்துக்குப் புதைத்தார்கள். அது இன்று சுமார் நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது. கம்பம் எழவில்லை, நிலம் இறங்கியது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பழைய ஆற்றுத் தடங்கள் இப்போது மேடுகள். தடத்தில் நிரம்பியிருந்த வண்டல் அப்படியே இருக்க, இருபுறமும் இருந்த பீட் தாழ்ந்துவிட்டது. இன்று ஓடும் ஆறுகளும் வயல்களைவிட உயரத்தில், கரைகளுக்கு நடுவே ஓடுகின்றன. வயலில் விழும் மழையைக்கூட பம்பு வைத்து மேலேற்ற வேண்டியிருக்கிறது.

வடிக்காமல் நிரப்பினாலும் கதை அதிகம் மாறாது. கிரவலின் பாரத்தில் பீட்டிலுள்ள நீர் பிதுங்கி வெளியேற, நிலம் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே போகும். பீட்டின் கனம் ஓரிடத்தில் இரண்டு மீட்டர், பத்தடி தள்ளி நான்கு மீட்டர் என்று இருந்தால் வீடு ஒருபக்கமாகச் சாயும், சுவர் பிளக்கும். 2013இல் திறந்த கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதைக்கே இந்தச் சதுப்புத் தரையைப் பெரும் செலவில் பலப்படுத்த வேண்டியிருந்தது. தனி வீட்டுக்கு அந்தச் செலவை யார் தாங்குவார்கள்?

முத்துராஜவெலவின் ஒரு பகுதி 1996 முதல் சரணாலயம். அதற்கு வெளியே உள்ள தாழ்நிலத்தை நிரப்புவதற்கும் இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி வேண்டும். தரகரிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் இருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: இந்தக் காணி வேண்டாம். அதே பணத்துக்கு வத்தளையில் மேட்டு நிலத்தில் பாதிப் பரப்புதான் கிடைக்கும் என்றாலும் அதை வாங்குங்கள்.