யமடா கோசாகு: சொல்லுக்குச் சுரம் கண்டவர்

ஒரு நாட்டார் பிற நாட்டாரிடமிருந்து இருப்புப்பாதை அமைக்கவும் நீராவிக் கப்பல் செலுத்தவும் கற்றுக்கொள்வது அரிதன்று. பாடக் கற்றுக்கொள்வதோ அத்துணை எளிதன்று. பொறிக்கு மொழி இல்லை. பாட்டோ மொழியோடு உடன்பிறந்தது. இவ்வுண்மையை ஜப்பானியர் தம் அநுபவத்தால் அறிந்தனர். 1868-ஆம் ஆண்டு மெய்ஜி அரசு ஏற்பட்டபின் அந்நாட்டுப் பள்ளிகளில் மேனாட்டு முறைப்படி பாடல் கற்பிக்கலாயினர். 1881 முதல் வெளிவந்த பள்ளிப் பாட்டுப் புத்தகங்களில், ஸ்காட்லாந்து முதலிய நாடுகளின் மெட்டுகளுக்கு ஜப்பானியச் சொற்களைப் பொருத்திப் பாட்டுகள் அமைக்கப்பட்டன. பிள்ளைகள் அவற்றை விருப்பத்தோடு பாடினர். ஆயினும் மெட்டு ஒரு வழியும் சொல் மற்றொரு வழியும் செல்லும் குறை அவற்றுட் பலவற்றில் இருந்தது. அக்குறையைத் தீர்க்க முயன்றோருள் தலைசிறந்தவர் யமடா கோசாகு என்பவர். வாத்திய கோஷ்டியை நடத்துபவராகவும், இசை வகுப்பவராகவும், பாடகர் குழுக்களுக்குப் பாட்டமைத்துத் தந்தவராகவும் விளங்கிய இவரது வரலாறு மாணவர் அறியத் தக்கது.

இளமையும் கல்வியும்

யமடா 1886-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் நாள் டோக்கியோ நகரிற் பிறந்தார். அவர் பிறந்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். ஆதலின் தேவாலய கீதங்கள் குழந்தைப் பருவத்திலேயே அவர் செவியிற் பதிந்தன. பத்து வயதளவில் தந்தையை இழந்தார். கிறிஸ்தவப் போதகர் ஒருவர் ஏழைச் சிறுவர்க்கென நடத்திய விடுதியிற் சேர்ந்து, பகலில் அச்சுக்கூடத்தில் உழைத்து இரவில் கல்வி பயின்றார். அவ்விடத்தைச் சுற்றி நாரத்தையின் இனத்ததான ஒரு முட்செடி வேலியாக வளர்ந்திருந்தது. ஜப்பானியர் அதனைக் 'கராத்தாச்சி' என்பர். பசியால் வருந்திய நாட்களில் அதன் புளிப்புக் காய்களைத் தின்றதையும், பெரியோர் கடிந்துகொண்டபோது அவ்வேலியோரம் நின்று அழுததையும் அவர் முதுமை வரை மறக்கவில்லை.

பின்னர் ஒக்கயாமா நகரில் வாழ்ந்த தமக்கையார் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். தமக்கையாரின் கணவர் எட்வர்ட் கான்ட்லெட் என்னும் ஆங்கிலேயர், ஆங்கில ஆசிரியர், ஆர்கன் வாசிப்பதில் வல்லவர். மேனாட்டு இசையின் இலக்கணத்தை யமடாவுக்கு முதலிற் கற்பித்தவர் இவரே. இதன்பின் யமடா, கோபே நகரில் அமெரிக்க மெதடிஸ்டு மிஷனைச் சார்ந்த லாம்பத் என்பவர் 1889-இல் நிறுவிய க்வான்செய் காகுயின் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே மாணவர் பாடகர் குழு ஒன்று இருந்தது. பல குரல்கள் வெவ்வேறு சுரத்திற் பாடியும் ஓரிசையாய் இயைவதன் அருமையை அக்குழுவில் நின்று பாடி அவர் உணர்ந்தார். பதினாறாம் வயதில் குழுவாகப் பாடுதற்குரிய பாட்டொன்றைத் தாமே இயற்றினார்.

1904-இல் டோக்கியோ இசைக்கல்லூரியிற் சேர்ந்து, வாய்ப்பாட்டுத் துறையிற் பயின்று, 1908-இல் தேர்ச்சியுற்றார். அக்காலத்தில் அக்கல்லூரியில் இசை வகுத்தலுக்கெனத் தனித்துறை இல்லை. அங்கு ஆசிரியராயிருந்த வெர்க்மைஸ்டர் என்னும் ஜெர்மானியர் இவரது ஆற்றலைக் கண்டு, மிட்சுபிஷி வணிகக் குடும்பத்தினரான இவாசாகி கொயாத்தா என்னும் செல்வருக்கு அறிமுகப்படுத்தினார். இவாசாகியின் பொருளுதவியால் யமடா 1910-இல் பெர்லின் நகரடைந்து, மாக்ஸ் புருக் முதலிய ஆசிரியரிடம் இசை வகுத்தல் கற்றார். 1912-இல் அவர் அங்கு எழுதி முடித்த 'வெற்றி முழக்கமும் சமாதானமும்' என்னும் சிம்பொனியே ஜப்பானியர் ஒருவர் இயற்றிய முதற் சிம்பொனி என்பர்.

எழுச்சியும் வீழ்ச்சியும்

1914-இல் யமடா தாய்நாடு திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் டோக்கியோ இம்பீரியல் நாடக சாலையில் தம் சிம்பொனியைத் தாமே நடத்தி அரங்கேற்றினார். அடுத்த ஆண்டு இவாசாகியின் ஆதரவில் வாத்திய கோஷ்டி ஒன்று அமைந்தது. ஆனால் புரவலரின் ஆதரவு நின்றமையால் 1916-இல் அது கலைந்தது. 1917-ஆம் ஆண்டின் இறுதியில் யமடா அமெரிக்கா சென்று, 1918-இலும் 1919-இலும் நியூயார்க்கு நகரின் கார்னெகி மண்டபத்தில் தம் படைப்புகளைத் தாமே நடத்திக் காட்டினார்.

ஜப்பானில் நிலையான வாத்திய கோஷ்டி ஒன்றை நிறுவ வேண்டுமென்னும் வேட்கை அவரை விடவில்லை. 1925-இல் ஹார்பின் நகரிலிருந்து 30-க்கும் மேற்பட்ட ருஷ்ய வித்துவான்களை வருவித்து, ஜப்பானிய வித்துவான்களோடு ஒரே மேடையில் அமர்த்திக் கச்சேரிகள் நடத்தினார். அதன் பயனாக எழுந்த சங்கத்தில் கொனோயே ஹிதெமாரோ என்னும் இளைஞரும் அவருக்குத் துணையாயினார். ஆனால் 1926-இல் சங்கத்துட் பிளவு நேர்ந்தது. வித்துவான்களிற் பெரும்பாலோர் கொனோயேயைப் பின்பற்றிச் சென்று புதிய கோஷ்டி அமைத்தனர். இன்று என்.எச்.கே. சிம்பொனி கோஷ்டி எனப் பெயர் பெற்று விளங்குவது அதுவே. விதை விதைத்தவரோ கையில் விளைச்சலின்றிக் கடன் சுமையோடு நின்றார்.

இந்நிலையில் அவர் டோக்கியோவை விட்டுக் கடற்கரையிலுள்ள சிகசாகி என்னும் ஊரிற் குடியேறினார். அங்கே கோஷ்டியும் இல்லை, மண்டபமும் இல்லை. பியானோவும் கவிதைகளுமே இருந்தன. மிகி ரோஃபூ என்னும் கவிஞரின் 'செந்தும்பி' என்னும் கவிதைக்கு அவர் 1927-இல் மெட்டமைத்தது இவ்வூரிலேதான். ஜப்பானில் அப்பாட்டை அறியாதார் அரியர்.

சொல்லும் சுரமும்

யமடாவின் பாட்டுகள் மக்கள் மனத்தில் நிலைபெற்றதற்குக் காரணம் யாது? ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லின் எவ்வசை உயர்ந்தும் எவ்வசை தாழ்ந்தும் ஒலிக்கின்றது என்பதைக் கொண்டு பொருள் வேறுபடும். டோக்கியோ வழக்கில் 'அமே' என்பதன் முதலசையை உயர்த்திக் கூறின் மழை. தாழ்த்தித் தொடங்கின் மிட்டாய். 'ஹாஷி' என்பதன் முதலசை உயரின் உண்ணும் குச்சி. பின்னசை உயரின் பாலம். தமிழிற் குறிலை நீட்டிப் பாடினால் 'பல்' என்பது 'பால்' ஆவது போல, அம்மொழியில் தாழவேண்டிய அசையை மெட்டு உயர்த்தினால் மழை மிட்டாயாகிவிடும். மேனாட்டு மெட்டுக்குச் சொல்லைப் பொருத்தியபோது நேர்ந்த இடர் இதுவே.

யமடா இதற்கு இரண்டு விதிகளைக் கைக்கொண்டார். அசை ஒன்றுக்குச் சுரம் ஒன்று என்பது முதலாவது. பேச்சில் உயரும் அசை பாட்டிலும் உயரவேண்டும் என்பது இரண்டாவது. எப்போதும் விலகாது பின்பற்றினார் என்று சொல்ல இயலாவிடினும், அவர்தம் சிறந்த பாட்டுகளில் இவ்விதிகளே ஆட்சி செய்கின்றன. 'செந்தும்பி'யின் ஜப்பானியப் பெயர் 'அகாதொம்போ'. மெட்டில் இதன் முதலசை உயர்ந்து நிற்கின்றது. இன்று டோக்கியோ மக்கள் அச்சொல்லின் இடையசையையே உயர்த்திக் கூறுவதால், இம்மெட்டு விதிக்கு மாறானதோ எனச் சிலர் ஐயுறுவர். பழைய டோக்கியோ வழக்கில் முதலசையே உயர்ந்து ஒலித்தது. யமடா தாம் கேட்டு வளர்ந்த வழக்கையே மெட்டாக்கினார். பேச்சு வழக்கு மாறியபின்னும் பழைய ஒலியை அப்பாட்டு காத்து வைத்திருக்கின்றது.

கவிஞர் கித்தஹாரா ஹகுஷுவோடு அவர் கொண்ட நட்பும் ஈண்டுக் கருதற்குரியது. இருவரும் 1922-இல் 'கவிதையும் இசையும்' என்னும் இதழைத் தொடங்கினர். 1923-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திற்குப்பின் அவ்விதழ் நின்றுபோயினும் நட்பு நிற்கவில்லை. யமடா தம் இளமைத் துயரைக் கூறக் கேட்டே ஹகுஷு 'கராத்தாச்சி மலர்' என்னும் கவிதையை எழுதினார். 1925-இல் யமடா அதற்கு இசை வகுத்தார். அதன் தாளம் ஒரே சீராக ஓடாது. சொல்லின் நடைக்கேற்ப மூன்றெண்ணிக்கையும் இரண்டெண்ணிக்கையுமாக மாறி மாறி வரும். அச்சுக்கூட வேலியோரம் நின்று அழுத சிறுவனின் துயரம் இவ்வாறு ஒரு நாட்டின் பாட்டாயிற்று. தாம் கற்ற க்வான்செய் காகுயினுக்கு 1933-இல் கலாசாலைக் கீதம் அமைந்தபோதும், சொல் ஹகுஷுவினது, இசை யமடாவினது.

போர்க்காலம்

பெரியோர் வரலாற்றைக் கூறுவோர் அவர்தம் குறையை மறைத்தல் முறையன்று. 'கருங்கப்பல்' என வழங்கும் அவரது பெரிய இசை நாடகம் 1940-இல் 'விடியல்' என்னும் பெயரோடு அரங்கேறிற்று. அடுத்த ஆண்டு அவர் இசைத் தொண்டர் படை என்னும் அமைப்புக்குத் தலைவராகிச் சீருடை தரித்து, அரசின் போர் முயற்சிக்கு இசையைத் துணையாக்கினார். 1944-இல் அரசின் நோக்கத்திற்கியைய அமைந்த ஜப்பானிய இசைப் பண்பாட்டுச் சங்கத்தின் தலைமையையும் ஏற்றார். 1945 மே மாதத்து விமானத் தாக்குதலில் அவரது கையெழுத்துப் படிகள் பல எரிந்தன. போர் முடிந்தபின், அவ்வாண்டின் இறுதியில், யமனே கின்ஜி என்னும் இசை விமரிசகர் அவரைப் போர்க்குற்றவாளி எனப் பத்திரிகையிற் சாடினார். தாய்நாடு தோற்றலாகாது என விரும்பியது குடிமகனின் இயல்பான செயலே என்றும், குற்றஞ்சாட்டியவரும் அச்சங்கத்திற் பொறுப்பு வகித்தவரே என்றும் யமடா விடையிறுத்தார்.

அவ்விடையின் பிற்பகுதி மெய்யே. ஆயினும் பிறர் பிழை நம் பிழையை மாற்றாது. கோஷ்டியை நடத்துபவர் கையிலுள்ள சிறு கோல் பலருடைய ஒலியை ஒருமுகப்படுத்தும் வலிமையுடையது. அவ்வலிமை எதன்பொருட்டுச் செலவாகின்றது என்று கேட்கும் கடமை அக்கோலை ஏந்தியவருக்கே முதலில் உரியது. அவர் அவ்வினாவைத் தமக்குள் போதிய அளவு கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

முடிவு

1948-இல் பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. 1956-இல் ஜப்பானிய அரசு பண்பாட்டு விருது அளித்துச் சிறப்பித்தது. 1965-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் நிறுவிய கோஷ்டிகள் கலைந்தன. எழுதிய ஏடுகளிற் பல தீக்கிரையாயின. ஏற்ற பதவிகள் பழிக்கு இடமாயின. கடனாளியாய்க் கடற்கரை ஊரில் அமர்ந்து, தாய்மொழியின் ஒவ்வோரசைக்கும் செவி சாய்த்து அவர் அமைத்த சிறு பாட்டுகளோ இன்றும் பள்ளிப் பிள்ளைகளாலும் முதியோராலும் பாடப்படுகின்றன. பெர்லினிற் கற்ற கல்வி அவற்றில் வெளிப்படத் தோன்றாது. ஆனால் அக்கல்வியின்றி அவை பிறந்திரா. பிறர் கலையை ஐயமறக் கற்று, அதனைத் தன் மொழிக்கு ஏவல் செய்யப் பணித்தவனே அக்கலையைத் தனதாக்கிக்கொண்டவன் என்பதற்கு யமடாவின் பாட்டுகள் தக்க சான்றாம்.