மீதியைச் சொல்லிக் கொடு

அன்புள்ள மகளுக்கு,

இருக்கன்குடிப் பக்கம் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு பையன் உன்னை மடக்கிவிட்டான் என்று எழுதியிருந்தாய். ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333… என்று முடியாமல் போகிறது. வீட்டில் அம்மா ஒரு கடலை மிட்டாயை மூன்றாக உடைத்தால் அதோடு முடிந்துவிடுகிறது. அப்படியானால் கணக்கு நிஜமா, பொய்யா என்று கேட்டானாம். "பாடத்தைக் கவனி" என்று உட்காரவைத்துவிட்டு அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தாயாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பிள்ளையை இப்படித்தான் அடக்கினேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என் வகுப்பில் கையைத் தூக்கவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. உன்னைப் போலப் புதிதாகச் சாக்பீஸ் பிடிக்கும் எல்லோரும் படிக்கட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போ. மாரியம்மன் கோயிலருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்றன. ஆறு இரண்டு, கூடியபின் ஒன்று. அதனால் 1+1=1 ஆகிவிடுமா? ஆற்றை எண்ணினால் அப்படித் தோன்றும். நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று எண்ணினால் கூட்டல் சரியாக வரும். அடுத்து, ஒரு படி கொண்டைக்கடலையையும் ஒரு படி கடுகையும் கலந்து அளக்கச் சொல். இரண்டு படி தேறாது. கடலையின் இடுக்குகளில் கடுகு இறங்கிவிடும். தராசில் நிறுத்தால் எடை இம்மி பிசகாது. பட்டாசுக்கு வெடியுப்பும் கந்தகமும் கலக்கும் சீமையில் வளரும் பிள்ளைக்கு, படிக்கும் எடைக்கும் உள்ள இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் எண்ணினால் தப்பு நம்முடையது.

இனி அந்த 0.333… அது முடியாமல் ஓடுவதற்குக் காரணம் மிட்டாய் இல்லை. பத்துப் பத்தாகப் பிரிக்கும் நம் வழக்கம். ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு 20 நிமிடம். ஒரு குரோஸ் தீப்பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு 48 பெட்டி. மீதியே கிடையாது. ஆனால் நம் பழைய பின்ன முறையான கீழ்வாய் இலக்கத்தில் ஒன்றை 320 ஆகப் பிரித்தால் முந்திரி. முந்திரியை மறுபடி 320 ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி. 320-ஐ மூன்று வகுக்காது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு என்பது 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, அதற்கும் மேல் ஒரு கீழ்முந்திரியில் மூன்றில் ஒரு பங்கு. புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம், பார்! சுழல் தசமம் என்று பாடநூல் சொல்வது இந்தத் திரும்பி வருதலைத்தான்.

பொருளில் அந்த மூன்றுகள் எதுவரை செல்லும்? ஒரு கிராம் அலுமினியப் பொடியை மூன்றாகப் பங்கிட்டால், தசமப் புள்ளிக்குப் பின் 23-ஆவது இடத்து 3-க்குக் கொடுக்க ஓர் அணுகூட இருக்காது. பொடி அங்கே நின்றுவிடும்; எண் நிற்காது. மூன்று தடவை சேர்த்தால் முழுதாக ஒன்றாகும் உறவுக்கு நாம் வைத்த பெயர்தான் 0.333… என்ற எண். அதனால்தான் அதை மூன்று தடவை சேர்த்தால் வரும் 0.999… ஒன்றுக்குச் சற்றுக் குறைந்தது ஆகாது, ஒன்றேதான். எவ்வளவு குறைகிறது என்று அந்தப் பையனையே கேள். எவ்வளவு சிறிய அளவைச் சொன்னாலும் குறைவு அதைவிடச் சிறியதாகவே இருக்கும். அப்படிப்பட்ட குறைவு சுழியம்தான்.

ஆனாலும் வாழ்க்கையில் எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டியதை மறந்தால் என்ன ஆகும்? கணினி இரண்டிரண்டாகப் பிரிப்பது. அதற்குப் பத்தில் ஒன்றே முடியாமல் சுழலும் எண். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் வெட்டிப்போட்ட துணுக்கு 100 மணி நேரத்தில் சேர்ந்து சுமார் மூன்றில் ஒரு நொடி ஆனது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது கோட்டைவிட்டது. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்துபோனார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். சேர்ந்து வேலை பார்த்த மூன்று பெண்கள் நூறு ரூபாய்க் கூலியைப் பங்கிட்டால் 33, 33, 34. அந்த ஒரு ரூபாய் யாருக்கு என்று கணக்கு சொல்லாது. மனிதர்கள்தான் பேசி முடிவெடுக்கவேண்டும். தினமும் அது ஒரே மடியில் விழுந்தால் அநியாயம்.

நாளைக்கு வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, "நீ கேட்டது நல்ல கேள்வி, நான்தான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல், அம்மா. ஒரு கடலை மிட்டாயும் தராசும் கொண்டுபோ. அவனையே மூன்றாக உடைக்கச் சொல். துண்டுகளை நிறுத்த பிறகு, மேசையில் உதிர்ந்த தூளையும் கூட்டி நிறுக்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கணக்கு வாத்தியார்