ஏடுகளை எரித்த எழுச்சி

கணிதம் பயிலும் மாணவனுக்கு இங்கிலாந்து வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என்னை அங்கே இழுத்துச் சென்றவை இரண்டு எண்களே. 1377 ஆம் ஆண்டில் அந்நாட்டில் தலைவரி செலுத்திய பொதுமக்கள் 13,55,201 பேர். 1381 இல் செலுத்தியவர்களோ 8,96,481 பேர். நான்கே ஆண்டுகளில் 4,58,720 பேரைக் காணவில்லை! முதல் வரி 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு, பின்னது 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்ற வேறுபாடு உண்டு. ஆனால் அந்த ஒரு வயது இவ்வளவு பெரிய ஓட்டையை அடைத்துவிடாது. இவர்களில் பெரும்பாலோர் மாண்டவர்கள் அல்லர், கணக்கிலிருந்து ஒளிந்துகொண்டவர்கள்.

ஏன் ஒளிந்தனர்? 1348-49 இல் பரவிய கொள்ளைநோய் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கையேனும் வாரிச் சென்றது. உழைக்கும் கைகள் குறைந்தன. குறையவே கூலி ஏறிற்று. நிலப்பிரபுக்கள் நிரம்பிய பாராளுமன்றம் இதைப் பொறுக்குமா? 1351 இல் சட்டம் இயற்றி, கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே கட்டிப்போட முயன்றது. பிரான்சுடன் நடந்த நெடும்போருக்குப் பணம் வேண்டியிருந்தது. 1377 இல் தலைக்கு 4 பென்ஸ் என்றிருந்த வரி, 1380 இறுதியில் 12 பென்ஸ் ஆயிற்று. அது ஓர் உழவுக் கூலியாளின் பல நாள் ஊதியம். ஊரில் வசதியுள்ளவர் ஏழைக்குக் கைகொடுக்க வேண்டும் என்று விதியில் ஒரு வாசகம் இருந்தது. வசதியுள்ளவரே இல்லாத சிற்றூரில் அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காணாமற்போன தலைகளைத் தேடி அதிகாரிகள் புறப்பட்டனர். 1381 மே 30 அன்று எசெக்ஸ் பகுதியின் பிரென்ட்வுட்டில் மக்கள் அவர்களை விரட்டியடித்தனர். கென்ட் பகுதியும் எழுந்தது. வாட் டைலர் தலைவரானார். மெய்ட்ஸ்டன் சிறையிலிருந்து பாதிரியார் ஜான் பால் விடுவிக்கப்பட்டார். ஜூன் 13 அன்று கூட்டம் லண்டனுக்குள் புகுந்தது. அரசரின் சிற்றப்பாவான ஜான் பிரபுவின் சவாய் மாளிகை சாம்பலாயிற்று.

எழுந்தவர்கள் பல இடங்களில் முதலில் தேடியது பொன்னையோ பொருளையோ அன்று; பண்ணை நீதிமன்ற ஏடுகளை! இன்னார் பண்ணையடிமை, இன்னாருக்கு இத்தனை நாள் வெட்டி வேலை என்று எழுதிவைத்த தோற்சுருள்கள் அவை. அவற்றைக் குவித்துத் தீயிட்டனர். கைநாட்டு வைக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதன் பொருள் எளிதில் விளங்குகிறது. எழுத்து எவன் பெட்டியில் இருக்கிறதோ அவன் சொன்னதே வழக்கு. ஆயினும் இவர்களை வெறும் எழுத்தறியாக் கூட்டம் என்பது தவறு. ஊர்க் காவலரும் பண்ணை அலுவலரும் அவர்களுள் இருந்ததை இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டுகின்றனர்.

செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் நடந்தது சுவையானது. மடத்தின் ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும் என்பது விதி. விதியை மீறி வீட்டில் திரிகை வைத்திருந்தவர்களிடமிருந்து 1330களில் மடாதிபதி அவற்றைப் பறித்துத் தம் கூடத்துத் தரையில் பதித்துவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து மக்கள் அத்தரையைப் பெயர்த்து, கற்களை உடைத்து, ஆளுக்கொரு துண்டாக எடுத்துச் சென்றனர். தாத்தாவின் திரிகையைப் பேரன் மறக்கவில்லை!

அரசரை மட்டும் அவர்கள் வெறுக்கவில்லை. இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது 14. தவறெல்லாம் ஆலோசகர்களுடையது என்று நம்பினர். ஜூன் 14 அன்று மைல் எண்டில் அரசர் அடிமைமுறையை ஒழிப்பதாகவும், ஏக்கருக்கு 4 பென்ஸ் மட்டுமே குத்தகை என்றும் வாக்களித்தார். எழுத்தர்கள் அமர்ந்து சாசனங்கள் எழுதித் தந்தனர். பலர் அதைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். அன்றே லண்டன் கோட்டைக்குள் புகுந்தவர்கள் பேராயர் சட்பரியையும் பொருளாளர் ஹேல்சையும் வெட்டிக் கொன்றனர். இக்கொலைகளை எந்த நியாயத்தாலும் மறைக்க இயலாது. மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் பேச்சுவார்த்தையின்போது மேயர் வால்வொர்த் டைலரை வாளால் தாக்க, அவர் மாண்டார். இனி நானே உங்கள் தலைவன் என்று சிறுவயது அரசர் கூட்டத்தை நடத்திச் சென்று கலைத்துவிட்டார்.

பின்னர் வந்தது அடக்குமுறை. நார்ஃபோக்கில் நாரிச் ஆயரே வாளேந்தினார். தலைமை நீதிபதி டிரெசிலியன் ஊர் ஊராக விசாரித்துத் தூக்கிலிட்டார். ஜூலை 15 அன்று ஜான் பால் செயின்ட் ஆல்பன்சில் மாண்டார். ஆனால் தூக்குக்கயிற்றைவிட ஆழமாக வெட்டியது ஜூலை 2 அன்று செல்ம்ஸ்ஃபோர்டில் பிறந்த ஒற்றை ஆணை என்பேன். மைல் எண்டில் தந்த சாசனங்கள் அத்தனையும் செல்லா என்றது அது. ஏடுகளை எரித்தவர்கள் கடைசியில் ஓர் ஏட்டை நம்பியே ஏமாந்தனர்.

தலைவரி என்னவோ நெடுங்காலம் அந்த வடிவில் திரும்பவில்லை. அடிமைமுறையும் அடுத்த நூற்றாண்டில் ஓசையின்றித் தேய்ந்தது. ஆள் கிடைக்காத பிரபுக்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டனர். கொடுமை தாங்காதவர் அடுத்த பண்ணைக்கு நடந்தனர். பழைய பண்ணையடிமையின் நிலவுரிமை 'நகல் உரிமை' ஆயிற்று. பண்ணை நீதிமன்ற ஏட்டில் உள்ள பதிவின் நகல் குடியானவன் கையில் இருக்கும். அதுவே அவனுக்குச் சான்று. அம்முறை இங்கிலாந்தில் 1926 இல்தான் முடிவுக்கு வந்தது.