கடைக்குக் காப்புறுதி, கைக்கு?

மணப்பெண் அலங்காரம் செய்யும் கெலிஓயாச் சகோதரி ஒருவர், "கடைக்குத் தீக் காப்புறுதி இருக்கிறது நானா, போதும்தானே?" என்று கேட்டார். போதாது. அது கட்டடத்துக்கும் சாமான்களுக்கும்தான்.

வாடிக்கையாளர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி தேவை. தலைச்சாயம் பூசி முகம் வீங்கினால், மசாஜில் கழுத்து பிடித்துக்கொண்டால், அது தொழில்சார் பொறுப்பு. முன்னையதில் பின்னையது பெரும்பாலும் அடங்காது. 'விலக்குகள்' என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். முகவர் அதைக் கடைசியில்தான் காட்டுவார்!

நமது கல்யாண வீடுகளில் பெரிய ஆபத்து கறுப்பு மருதாணிதான். அசல் மருதாணி கறுப்பாகச் சிவக்காது. தலைச்சாயத்தில் உள்ள பிபிடி இரசாயனத்தைக் கலப்பதால்தான் அந்த நிறம். சிலருக்குக் கொப்புளம் போட்டு, தழும்பே விழுந்துவிடும். அதைத் தொடவே வேண்டாம். தலைச்சாயமானால் 48 மணித்தியாலம் முன்பே தோலில் சிறிது பூசிப் பாருங்கள். திகதியுடன் எழுதிக் கையொப்பமும் வாங்குங்கள். வழக்கு வந்தால் கைகொடுப்பது அந்தக் கொப்பிதான்.

கம்பளைக்குப் போய் மணமகள் வீட்டில் அலங்கரிப்பவர், பத்திரத்தில் கடை முகவரி மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தன் கை முறிந்தால்? வேலைக்கு வைத்த பிள்ளைக்குச் சட்டப்படி நட்டஈடு உண்டு, முதலாளிக்கு இல்லை. தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் மசாஜ் செய்து மணிக்கட்டு தேய்வதை அது விபத்தாகக் கொள்ளாது. அதற்குச் சேமிப்புத்தான் வழி. சுயதொழில் செய்வோரும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் சேரலாம். வட்டியை அஞ்சுவோருக்கு 1999 முதல் இலங்கையில் தகாபுலும் உண்டு.